கண் வெளுத்த மீன்கள் பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பத்து நாளாக வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த வாய்ஸ் மெசேஜ் உங்களில் பலருக்கும் வந்திருக்கும். நம் அலங்கார மீன் கடையில் வாங்கிய எம்பரர் ஏஞ்சல் என்ற கடல் மீனுக்கு இரண்டு கண்ணும் பால் விட்டது போல வெளுத்துவிட்டது என்று ஒருவர் மனம் நொந்து பேசியிருக்கிறார். ஆசையாக வாங்கிப்போன மீன், அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்த மீனை அடுத்த நாளே திருப்பி வாங்கிக்கொண்டோம். இப்போது நம் பின்பக்கத் தொட்டியில் தேறி வருகிறது. நேற்று காலை இறால் துண்டைக் காட்டியதும் ஓடிவந்து கவ்வியது.

ஆனால் அதே மெசேஜின் கடைசியில், "உப்பு விலை ஏறினதும் தண்ணியில உப்பைக் குறைச்சிட்டாங்க, அதான் கண்ணு போச்சு" என்று ஒரு பேச்சு வருகிறது. அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. 14 வருடமாகச் சென்னை கொளத்தூரில் இந்தக் கடையை நடத்துகிறேன். உப்பில் கஞ்சத்தனம் செய்தவன் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

முன்பக்கத் தொட்டிகள் எல்லாமே கடல்நீரின் அளவான 1.025 அடர்த்தியில்தான் இருக்கின்றன. உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். பின்பக்கம் சில தொட்டிகளில் மட்டும் 1.009 வரை இறக்கி வைத்திருக்கிறோம். மெசேஜில் பேசியவர் பார்த்தது அதைத்தான். அது காசு மிச்சம் பிடிக்கிற வேலை இல்லை, வைத்தியம். கடல் மீனின் ரத்தத்தில் இருக்கும் உப்பு, கடல்நீரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால் பெரும்பாலான மீன்கள் உப்பு இறங்கிய தண்ணீரைத் தாங்கிக்கொள்ளும். மீனின் மேலே ஒட்டியிருந்து அதைத் தின்னும் தட்டைப்புழு தாங்காது. பவளமும் நத்தையும் இறாலும்கூடத் தாங்காது, அதனால்தான் அந்தத் தொட்டிகளில் வெறும் பிவிசி குழாய்த் துண்டுகளைப் போட்டு மீனை மட்டும் விட்டிருக்கிறோம். அப்புறம், இறக்கிய உப்பை நாள் கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் மீன் செத்துவிடும். தண்ணீரின் அமில-கார அளவான பி.எச். இறங்கிவிடாமல் தினமும் பார்க்க வேண்டும். நாலு கிலோ உப்பை மிச்சம் பிடிக்க யாரும் இந்தப் பாடு படமாட்டார்கள்.

உங்கள் வீட்டு மீனுக்குக் கண் வெளுத்தால் முதலில் ஒரு கண்ணா, இரண்டு கண்ணா என்று பாருங்கள். ஒரு கண் மட்டும் என்றால் பெரும்பாலும் அடிதான். வலையில் உரசியிருக்கும், பாறையில் மோதியிருக்கும், இல்லை வேறொரு மீன் துரத்தியிருக்கும். பெரம்பூர் டீச்சரம்மா ஒருநாள் பதறிப்போய் ஃபோன் செய்தார், "தம்பி, என் க்ளௌன் மீனுக்குக் கண்ணுல பூ விழுந்துடுச்சுப்பா" என்று. ஒரு கண்தான். மருந்து எதுவும் போடாதீங்கம்மா, தண்ணீர் மட்டும் மாற்றுங்கள் என்றேன். பத்து நாளில் தெளிந்துவிட்டது.

இரண்டு கண்ணும் வெளுத்திருந்தால் உடனே தண்ணீரைச் சோதியுங்கள். மீன் கழிவிலிருந்து வரும் விஷங்களான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் சரியாக இருந்தும் மீன் பாறையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தால் தட்டைப்புழுவைச் சந்தேகப்படலாம். மீன்மேல் இருக்கும்போது அது கண்ணாடி மாதிரி, பார்வைக்கே சிக்காது. அந்த எம்பரரைக் கறுப்பு பக்கெட்டில் க்ளோரினும் உப்பும் இல்லாத நல்ல தண்ணீர் பிடித்து, சூடும் பி.எச்.சும் தொட்டிக்குச் சமமாக வைத்து, ஏர் ஸ்டோன் போட்டு 5 நிமிடம் விட்டோம். மூன்றாவது நிமிடத்திலேயே கண்ணிலிருந்தும் செதிலிலிருந்தும் வெள்ளை எள்ளு மாதிரி உதிர ஆரம்பித்தது. அத்தனையும் புழு. இதன் முட்டை மருந்துக்கு மசியாது. அதனால் ப்ராசிகுவான்டெல் என்ற புழு மருந்தை ஒரு தடவையோடு நிறுத்தாமல், முட்டை பொரிந்த பிறகு, ஒரு வாரம் கழித்து மறுபடியும் போட வேண்டும்.

கண் பிதுங்கி, மீன் தீனியும் எடுக்காவிட்டால் பாக்டீரியாவாக இருக்கலாம். ஆன்டிபயாட்டிக் தேவைப்படும், ஆனால் தனித் தொட்டியில்தான். மெயின் டேங்கில் கொட்டினால் கழிவைச் சுத்தம் செய்யும் நல்ல பாக்டீரியாவும் செத்து அம்மோனியா ஏறிவிடும். கண்ணின் மேல்படலம் தெளிவாக இருந்து, உள்ளே லென்ஸ் மட்டும் வெளுத்திருந்தால் அது புரை, மருந்தில் சரியாகாது. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

புதிதாக வரும் மீனை 21 நாள் தனியே வைத்திருந்து விற்பதுதான் நம் வழக்கம். அந்தத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்ட பையன் போன மாதம் வேலையை விட்டுப் போய்விட்டதில், ஒரு லாட்டில் சில மீன்கள் கொஞ்சம் முன்னாடியே வெளியே போய்விட்டன. அந்த வாரம் வாங்கியவர்களுக்கு நாங்களே ஃபோன் செய்துகொண்டிருக்கிறோம். இப்போது என் தங்கை மகன் அந்த வேலையைப் பார்க்கிறான். அடுத்த மாதத்திலிருந்து மீன் விலை நூற்றுக்குப் பத்து ரூபாய் கூடும்.

மெசேஜைக் கேட்டுவிட்டு, "அண்ணே, நீங்க அப்படிச் செய்ய மாட்டீங்க" என்று கூப்பிட்டுச் சொன்ன அத்தனை பேரையும் மறக்க மாட்டேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கரண்ட் இல்லாதபோது, முழங்கால் தண்ணீரில் பேட்டரி ஏர் பம்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இந்தக் கடைக்கு வந்தவர்கள் நீங்கள்.

யார் மீனுக்காவது கண் மங்கலாகத் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஒரு வீடியோவும், பாட்டிலில் உங்கள் தொட்டித் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வாருங்கள். டெஸ்ட் செய்து பார்க்க எப்போதும் போலக் காசு கிடையாது.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்