ஒரு சென்டிமீட்டர் பாக்கி

சிங்கப்பூர்
6 ஜனவரி 2026

அன்புள்ள சரோஜாவுக்கு,

உன் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கிடைத்தது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் கேட்டால் சிரிப்பாய். நீ எந்தக் காரியத்தைத் திட்டி மூன்று பக்கம் எழுதியிருந்தாயோ, அதையே செய்ய என்னை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஓர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டில் மூன்றாவது முறையாக அதே கோட்டை, அதே வரிசை, அதே எலி, போதாதென்று உன் மகன் அடுத்த கோடைக்கும் பதிவு செய்துவிட்டான், "இவர்களுக்குச் சலிக்கவே சலிக்காதா வசந்தா?" என்று கேட்டிருக்கிறாயே, அந்த வரியை நான் இங்கே செந்தோசாத் தீவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் நான்கு பைகளுடன் படித்தேன்.

அந்தத் தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்கு நான் போவது இது எத்தனையாவது தடவை என்று எண்ணிப் பார்த்தேன். பதினொன்று வரை விரல் மடக்கிவிட்டு நிறுத்திக்கொண்டேன். இங்கே ஜூனிலும் டிசம்பரிலும் பள்ளி விடுமுறை. மகனுக்கு வெளிநாடு போக விடுப்புக் கிடைக்காத வருடமெல்லாம் செந்தோசாவில் இரண்டு இரவு தங்கல், ஒரு நாள் பூங்கா. விடுப்புக் கிடைத்த வருடத்திலும் ஊர் திரும்பியதும் ஒரு நாள் பூங்கா. உன் சம்பந்தி வீட்டார் சமயபுரத்துக்குப் போகிற மாதிரி.

என் வேலை பை காப்பது. சவாரிக்குப் போகும்போது பையை வைக்க லாக்கர் இருக்கிறது. ஆனால் என் மகனுக்கு லாக்கர் எண் மறந்துபோகும். அம்மா உட்கார்ந்திருக்கும் இடம் மறக்காது. எகிப்துப் பகுதியில், நரித்தலையுடன் நிற்கும் பிரம்மாண்டமான சிலைகளுக்கு எதிரே, மதியத்துக்கு மேல் நிழல் விழும் ஓர் இடத்தைப் பார்த்து வைத்திருக்கிறேன். பைக்குள் மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி, ஒரு துண்டு, மருமகளின் கண்ணாடி, தைலம், காலி டப்பா. வெளிச்சாப்பாட்டுக்கு உள்ளே அனுமதி இல்லாததால், வாசலில் சுழன்றுகொண்டிருக்கும் உலக உருண்டைக்குப் பக்கத்திலேயே புளிச்சோற்றை முடித்துவிடுவோம். அந்த டப்பா மட்டும் நாள் முழுவதும் வெயிலில் பெருங்காய வாசனையைப் பரப்பிக்கொண்டிருக்கும். இந்தமுறை பக்கத்தில் வந்து உட்கார்ந்த கோயம்புத்தூர்க்கார அம்மாள் ஒருவர், "நீங்களும் பையோடுதானா?" என்று கேட்டார். அதற்குமேல் அறிமுகம் தேவைப்படவில்லை.

பேரன் கவினுக்கு எட்டு வயது. அவன் கதையைச் சொன்னால் உன் கேள்விக்குப் பாதி பதில் ஆகிவிடும். போன ஜூனில் மம்மி ரோலர் கோஸ்டர் வாசலில் உயரம் பார்த்தார்கள். அதற்கு 122 சென்டிமீட்டர் வேண்டும். இவன் 121. முதல் நாள் இரவே வீட்டில் கதவு நிலையில் அளந்துபார்த்துவிட்டு, பயல் காலுறையை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு போட்டுக்கொண்டு வந்திருக்கிறான், எங்களுக்குத் தெரியாது. அளவுகோலுக்குக் கீழே மூச்சை இழுத்துப் பிடித்து, மோவாயைத் தூக்கி, நெஞ்சை நிமிர்த்தி நின்றான். அங்கே நின்ற பணிப்பெண் சிரித்துக்கொண்டே மோவாயை இறக்கச் சொன்னாள். தலைமயிர் மட்டும் கோட்டைத் தொட்டது. "முடி கணக்கில் சேராதா?" என்று கேட்டானாம். சேராது என்று சொல்லிவிட்டாள். என்னிடம் வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு காலுறைகளில் ஒன்றைக் கழற்றி என் பையில் போட்டான். அழவில்லை. அதுதான் எனக்கு என்னவோ போல இருந்தது.

இந்த டிசம்பரில் அவன் 124. ஒரு மணி நேரத்துக்கு மேல் வரிசையில் நின்று ஏறினான். இறங்கி வந்து, "ஒரே இருட்டு பாட்டி, அதற்குள் முடிந்துவிட்டது" என்றான். ஆறு மாதம் கனவு கண்டதற்கு இவ்வளவுதான் விமர்சனம். மறு நிமிடம் எதிர்ப்பக்கம் கையைக் காட்டினான். அங்கே சிவப்புத் தண்டவாளம் ஒன்றும் நீலத் தண்டவாளம் ஒன்றும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு வானத்தில் நிற்கின்றன. பேட்டில்ஸ்டார் கேலக்டிகா. அதற்கு 125 வேண்டும். மறுபடியும் ஒரு சென்டிமீட்டர் பாக்கி!

சரோஜா, வடிவமைத்தவர்கள் நினைத்துச் செய்தார்களோ இல்லையோ, அந்தப் பூங்கா ஓர் ஏணி மாதிரி இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிக்கு 102, தண்ணீரில் நனைக்கும் ஜுராசிக் படகுக்கு 107, மம்மிக்கு 122, கடைசியாக 125. கவின் நடக்கக் கற்றதிலிருந்து அதில் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு அது பழைய இடமா என்ன? போனமுறை மூடியிருந்த கதவு இந்தமுறை திறக்கும் இடம். கடைசிப் பிள்ளை 125ஐத் தாண்டும் வரைக்கும் ஒரு குடும்பத்துக்கு அந்த இடம் சலிக்காது என்பது என் கணக்கு. பெஞ்சில் உட்கார்ந்து போட்ட கணக்கு, அடித்துச் சொல்ல மாட்டேன்.

பெரியவர்களிடம் இந்தக் கணக்கு செல்லாது. எங்கள் வீட்டில் முதலில் கழன்றுகொண்டவர் இவர்தான். மூன்று வருடத்துக்கு முன்பே, "நான் துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேனைப் பார்த்தவன், உயரத்தில் ஏறி இறங்குகிற எதையும் இனிக் காசு கொடுத்துப் பார்ப்பதாக இல்லை" என்று சொல்லிவிட்டுத் தேக்கா சந்தைக்குக் காப்பி குடிக்கப் போய்விட்டார். நாள் டிக்கெட் 80 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் என்பதும் ஒரு காரணம். அதைச் சொல்லிக்கொள்ள மாட்டார்.

அடுத்தது பேத்தி யாழினி. இந்த ஜனவரியில் உயர்நிலை மூன்றுக்குப் போயிருக்கிறாள். இந்தமுறை, "எனக்குப் போரடித்துவிட்டது, நீங்கள் போங்கள்" என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வயது அப்படி, தோழிகள், கைப்பேசி என்று நாங்களே ஒரு காரணத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். இரண்டு நாள் கழித்து அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது தானாகவே சொன்னாள்: "அங்கே அந்தப் படகு இல்லையே பாட்டி."

உனக்கு நான் முன்பு எழுதியிருக்கிறேன், மடகாஸ்கர் என்று ஒரு பகுதி இருந்தது. பெட்டியில் அடைத்து அனுப்பிய மிருகக்காட்சிசாலை விலங்குகள் கடலில் விழுந்து தீவில் ஒதுங்கும் கதை. இருட்டுக்குள் ஒரு வாய்க்கால், அதில் மெல்ல ஊர்ந்து போகும் படகு. திகில் எதுவும் கிடையாது. நான் நம்பி ஏறிய ஒரே சவாரி அதுதான். யாழினி மூன்று வயதில் என் மடியில் உட்கார்ந்து போனாள், பத்து வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். ஒரே நாளில் ஆறு தடவை போனதும் உண்டு. எந்த வளைவில் எந்தப் பொம்மை தலையை நீட்டும் என்று எனக்கு முன்பே சொல்லிவிடுவாள். 2022இல் அந்தப் பகுதியை மூடினார்கள். 2025 பிப்ரவரி 14 அன்று அதே இடத்தில் மினியன் லேண்ட் திறந்தார்கள். மஞ்சள் நிறத்தில் எல்லாம் புதிது, எல்லாம் பளபளப்பு, கூட்டம் அலைமோதுகிறது. வந்தவர்களே திரும்பி வர வேண்டுமானால் புதிதாக ஏதாவது காட்ட வேண்டும் என்பது வியாபாரக் கணக்கு. அது தப்பில்லை, கவின் அங்கிருந்து நகர மறுத்தான். இவளோ பழையது போய்விட்டதென்று போக மறுக்கிறாள். அதைப் போரடிக்கிறது என்ற சொல்லுக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். நானும் முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள், சொல்லுக்குப் பொருள் கேட்கத் தெரியவில்லை பார்.

இந்த ஊரில் எதுவும் நமக்குச் சலிக்கும்வரை நின்றதில்லை. நான் கல்யாணமாகி வந்த 1982இல்தான் செந்தோசாவில் மோனோரயில் ஓடத் தொடங்கியது. அப்போது தீவுக்குப் பாலம் கிடையாது. படகில் போக வேண்டும், அல்லது கேபிள் காரில். மகன் பள்ளிக்குப் போன வருடங்களில் ஞாயிறு தவறினாலும் அந்த மோனோரயில் தவறாது. 1991இல் கடலடி உலகம் என்று ஒன்று திறந்தார்கள். கண்ணாடிக் குகைக்குள் நகரும் பாதையில் நின்றால் தலைக்கு மேலே சுறா போகும். சாயங்காலம் இசை நீரூற்று. அதையெல்லாம் எத்தனை தடவை பார்த்தோம் என்பதற்குக் கணக்கே இல்லை. மோனோரயிலை 2005இல் நிறுத்தினார்கள். நீரூற்று 2007இல் போயிற்று. கடலடி உலகம் 2016இல். 37 மீட்டர் உயரத்துக்கு நின்றதே சிங்கத்தலையும் மீனுடலும் கொண்ட மெர்லயன் சிலை, நீ வந்தபோது அதன் வாய்க்குள் நின்று படம் எடுத்தோமே, அதையும் 2019இல் மூடி, பிறகு இடித்துவிட்டார்கள். ரயிலில் தீவுக்குள் நுழையும்போதெல்லாம் என் மகன் ஜன்னல் பக்கம் கையை நீட்டி, "இங்கேதான்..." என்று ஆரம்பிப்பான். பிள்ளைகள் தலையைத் தூக்கவே மாட்டார்கள். அவனுக்கு வயது நாற்பது. இந்தப் பூங்கா திறந்த 2010இல் கையில் குழந்தைகூடக் கிடையாது, புதுமாப்பிள்ளை. அவன் அங்கே திரும்பத் திரும்பப் போவது பிள்ளைகளுக்காக மட்டும் என்று நான் நம்பவில்லை.

ஒன்று மட்டும் தப்பித்து நிற்கிறது, ஹாவ் பார் வில்லா. புலித்தைலக்காரர் ஆவ் பூன் ஹாவ் தம்பிக்காக 1937இல் கட்டிய தோட்டம். சீனப் புராணச் சிலைகள் நிறைந்தது. 1990இல் அதையும் கேளிக்கைப் பூங்காவாக மாற்றி நுழைவுக் கட்டணம் வைத்துப் பார்த்தார்கள். காலங்காலமாக இலவசமாகப் போய்வந்த ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை. பிறகு தோட்டத்துக்கு இருந்த கட்டணத்தை நீக்கிவிட்டார்கள். நரகத்தின் பத்து மன்றங்கள் அங்கே இருக்கின்றன, நாக்கைப் பிடுங்குவது, கத்தி மலையில் எறிவது என்று. காய்கறியை மிச்சம் வைத்தால் எந்த மன்றம் என்று மகன் சின்ன வயதில் கேட்பான். வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிவிடுவேன். பத்தாவது மன்றம்தான் எனக்குப் பிடித்தது. தண்டனையெல்லாம் முடித்த உயிர்களுக்கு அங்கே ஒரு கிழவி மறதித் தேநீர் கொடுப்பாள். அதைக் குடித்து எல்லாவற்றையும் மறந்த பிறகுதான் மறுபிறவி. மீண்டும் அதே உலகத்துக்கு வரச் சலிக்காமலிருக்க எவ்வளவு விவரமான ஏற்பாடு! கவின் அந்தத் தேநீரைக் குடித்தே பிறந்திருக்கிறான். யாழினிக்குக் கிழவி ஊற்ற மறந்துவிட்டாள்.

மதுரை தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சி ஞாபகம் இருக்கிறதா? வருடா வருடம் அதே ராட்டினம், அதே மரணக் கிணறு, தட்டைவிடப் பெரிய அதே டெல்லி அப்பளம். நீ ராட்டினத்தில் உச்சிக்குப் போனதும் ஒவ்வொரு வருடமும் தவறாமல், "இனிமேல் ஏறவே மாட்டேன்" என்று கத்துவாய். நாம் ஒரு வருடமாவது வேண்டாமென்று சொன்னோமா? உன் அப்பா மொத்தமாக ஐந்து ரூபாய் கொடுப்பார். அது தீர்ந்துவிடும், ஆசை தீராது.

உன் கடிதத்தை இப்போது மறுபடியும் எடுத்துப் படித்தேன். கோட்டையைப் பற்றி நீ குறை சொன்னது ஒரே ஒரு வரி. மீதியெல்லாம், விடியற்காலையில் எழுப்பியது, எந்தச் சவாரிக்கு எத்தனை மணிக்கு என்று மருமகள் போட்ட அட்டவணை, கைப்பேசியைப் பார்த்தபடியே எல்லோரும் ஓடியது, உன் முழங்கால். 1971இல் ஆரம்பித்து நான்கு பூங்காக்களாக வளர்ந்து நிற்கிற இடம் அது. அவர்கள் கையிலிருக்கும் நிலம் எங்கள் சிங்கப்பூரில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. அதை ஐந்து நாளில் ஒன்று விடாமல் பார்த்துவிட வேண்டும் என்று ஓடினால் முதல் தடவையே சலிக்கும். எங்கள் பூங்கா மொத்தமே 20 ஹெக்டேர்தான். நடு ஏரியைச் சுற்றி நடந்தால் சீக்கிரமே புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடலாம். அதனால் எங்கள் வீட்டில் அட்டவணை கிடையாது. உன் மகனிடம் சண்டை போடாதே. அடுத்தமுறை ஒரு நாளாவது காலைத் தூக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள். வீல்சேர் கிடைக்குமென்றால் வெட்கப்படாமல் உட்கார்.

என் பக்கத்துச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. வலது கண்ணில் புரை அறுவை முடிந்தது. சுவரெல்லாம் இவ்வளவு அழுக்கா என்று இப்போதுதான் தெரிகிறது. இவருக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. யாழினி அந்தப் படகில் எடுத்த படம் ஒன்றைத் தேடிப்பிடித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறாள். அதில் என் முகம் பாதிதான் தெரிகிறது.

கவின் தினமும் காலையில் பல் துலக்கியதும் கதவு நிலைக்குப் போய் முதுகை ஒட்டி நிற்கிறான். ஜூன் ஆறாம் தேதிக்கு டிக்கெட் வாங்கச் சொல்லித் தகப்பனை இப்போதே அரித்துக்கொண்டிருக்கிறான். நீ கோடையில் வருவதாக இருந்தால் அந்த வாரமாகப் பார்த்து வா. நிழல் விழும் பெஞ்சில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். புளிச்சோறு நான் கொண்டுவருகிறேன், நீ வடகம் மட்டும் வறுத்து எடுத்து வா.

அன்புடன்,
வசந்தா