படிக்கட்டுத் தெருக்காரர்களுக்கு ஒரு நன்றி மடல்

குன்னூர்

எங்கள் படிக்கட்டுத் தெருவின் மேல்வீட்டுக்காரர்கள், கீழ்வீட்டுக்காரர்கள், முக்கு பேக்கரிக்காரர்கள், மினி பஸ் அண்ணன்கள், எல்லோருக்கும் வணக்கம்.

ஐப்பசி அடைமழையில் நான் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தது உங்களுக்குத் தெரிந்த கதைதான். வீட்டுக்காரருக்கு வாரம் முழுக்கக் கோயம்புத்தூரில் வேலை. ஊரிலிருந்து அம்மாவை வரச் சொல்லலாம் என்றால் அவருக்கே முட்டி வலி. வீட்டில் ஒன்றாம் வகுப்பு ஒன்று, அங்கன்வாடி ஒன்று என இரண்டு வாலுகள். ஆனாலும் வேளாவேளைக்குச் சோறு வந்தது. பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போய் முழுசாகத் திரும்பி வந்தார்கள். அதற்கெல்லாம் டாக்டர் படியேற விட்டதும் வீடு வீடாக வந்து நன்றி சொல்வேன். இந்த மடல் வேறு ஒன்றுக்காக. இதுகள் கேட்ட கேள்விகளுக்கு ஒருத்தர்கூட "போ அந்தப் பக்கம்" என்று சொல்லவில்லையே, அதற்காக. சாயங்காலம் இரண்டும் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, யார் என்ன சொன்னார்கள் என்று ஒப்பிக்கும். எனக்கு ஊர் நிலவரம் தெரிந்ததே அப்படித்தான்.

முதலில் லோகோ ஷெட் தாத்தா. மண்சரிவால் மலை ரயிலை நிறுத்தியிருந்த சமயம். ரயிலுக்கும் கலெக்டர்தான் லீவு விட்டார் என்று பெரியவள் தம்பியிடம் அடித்துச் சொல்லிவிட்டாள். மழை நாளில் விடிந்ததும் "கலெக்டர் இன்னும் எழுந்திரிக்கலையா?" என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பவள், வேறென்ன சொல்வாள்! சின்னவன் நியாயம் கேட்கத் தாத்தா வீட்டுக்குப் போயிருக்கிறான். தாத்தா பெரியவளிடம் இரண்டு சீப்பு வாங்கிவரச் சொல்லி, திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் பல் மற்றதன் சந்துக்கு நேராக வரும்படி நகர்த்திக் காட்டினாராம். "கல்லாறுலேருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவுல இப்படித்தான் ரெண்டு பல்லுச் சட்டம். இன்ஜினுக்கு அடியில பல்சக்கரம். ஒரு பல்லு விட்டாலும் இன்னொண்ணு புடிச்சுக்கும். சில இடத்துல 12 அடி போறதுக்குள்ள ஓரடி மேல ஏறணும், சும்மாவா? 1899லேருந்து இப்படித்தான் ஏறுது. மேல வரும்போது இன்ஜின் பின்னாடி நின்னு தள்ளும்."

அந்த வாரம்தான் பெரியவளுக்கு முன்பல் விழுந்தது. சின்னவன் அவள் வாயை உற்றுப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னான்: "அக்காவுக்குப் பல்லு போச்சு. இனிமே மேட்டுல ஏற முடியாது, வழுக்கிடும்." அவள் அழுத அழுகையில் கீழ்வீட்டு அக்கா என்னமோ ஏதோ என்று ஓடி வந்தார். வழக்கு மறுபடியும் தாத்தாவிடம் போனது. அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டார்ச் அடித்து, அவளை 'ஆ' காட்டச் சொல்லி, பக்கத்துப் பல்லை விரலால் தட்டிப் பார்த்திருக்கிறார். "இது நல்லா புடிச்சிருக்கு. வண்டி ஓடும். ஆனா கொஞ்ச நாளைக்குப் பின்னாடி ஒரு இன்ஜின் வேணும்" என்று சின்னவனைப் பார்த்தாராம்.

அதற்கப்புறம் தெருவில் நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். அக்காவோடு நிற்காமல், படியேறுகிற யாராக இருந்தாலும் பின்னால் போய் இடுப்பில் கை வைத்துத் தள்ள ஆரம்பித்துவிட்டான். கேரட் மூட்டை சுமந்து வந்தவர் "தள்ளு சாமி" என்றிருக்கிறார். சிலிண்டர் போடுகிற தம்பி, "நீ இல்லேன்னா இன்னிக்கு ஏறியிருக்கவே மாட்டேன்" என்று என் வாசலில் நின்று அவனிடம் சொன்னது எனக்கே கேட்டது. ரிட்டையரான ஹெட்மாஸ்டர் ஐயா பாதிப் படியில் நின்று, இவன் வரும்வரை காத்திருந்து, "கூ" என்று கூவிவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைக்கிறாராம். அவரிடம் படித்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

பேக்கரி அண்ணாச்சிக்கு. மழைக்காலத்தில் இங்கே துணி காயாது என்பதை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைக்கவே முடியாது. அதிலும் யூனிஃபார்ம் ஸ்வெட்டர் நனைந்தால் அவ்வளவுதான், மூன்றாம் நாளும் பிழியலாம். நீங்கள் வர்க்கி போடுகிற விறகு அடுப்புக்கு மேலே கம்பி கட்டி, ராத்திரியோடு ராத்திரியாகக் காயவைத்துக் காலையில் கதகதவென்று கொடுத்தனுப்பினீர்கள். அதில் ஒரு சங்கடமும் இல்லை, வகுப்பில் பக்கத்துப் பையன் அவள் கையை முகர்ந்து பார்த்ததைத் தவிர. "என் ஸ்வெட்டர்ல வர்க்கி வாசம் வருதாம்மா. நாளைக்கு எல்லாரும் அவங்க ஸ்வெட்டரக் கொண்டு வர்றாங்களாம்." ஊட்டி வர்க்கிக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாசத்துக்கும் சேர்த்துத்தான் கொடுத்தார்களா என்று நீங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும். எத்தனை ஸ்வெட்டர் வந்தது என்பதை நான் கேட்கப் போவதில்லை.

எஸ்டேட் வாட்ச்மேன் அண்ணனுக்கு. காட்டுமாடு பாதையில் நின்ற காலையில் இரண்டையும் தூரத்திலேயே நிறுத்தி, அதுவாக நகரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தீர்கள். கறுத்த உடம்பு, முட்டிக்குக் கீழே வெள்ளைக் கால். "சாக்ஸ் போட்டிருக்கு, ஷூ போட மறந்துடுச்சு" என்று பெரியவள் சொன்னதற்கு, "அதான் ஸ்கூலுக்குள்ள விடல, திரும்பிப் போகுது" என்றீர்களாமே! காட்டுமாடு நின்றதால் தாமதம் என்று டைரியில் எழுதியதை டீச்சரும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். கோயம்புத்தூரில் எழுதிப் பார்க்க வேண்டும்.

நர்ஸ் அக்காவுக்கும் ஒரு வார்த்தை. பெரியவளுக்கு ஐந்து வயதில் போடுகிற முத்தடுப்பு பூஸ்டர் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. நீங்களே கூட்டிப்போய்ப் போட்டுவிட்டீர்கள். அழாமல் இருக்க, "இந்த மாதிரி மருந்தெல்லாம் நம்ம ஊர்லயே செய்யறாங்க, சிம்ஸ் பார்க் பக்கத்துல இருக்கற பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல. 1907லேருந்து இருக்கு" என்று பெருமையாகச் சொன்னீர்கள். பலன் வேறு மாதிரி ஆகிவிட்டது. மினி பஸ் அந்த கேட்டைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளாம். "பாப்பா இன்னும் ராசியாகலையா?" என்று கண்டக்டர் அண்ணன் கேட்க, "கை வலி போகட்டும்" என்று பதில். ஊசி போட்டு வாரக்கணக்காகிறது.

மேல்வீட்டு ஹெத்தெக்கு (படுகு மொழியில் பாட்டி) என்ன எழுத என்று தெரியவில்லை. மத்தியானமெல்லாம் சின்னவன் உங்கள் மடியில்தான். இப்போது அவன் படுகு பேசுகிறான், எங்களுக்குப் புரியவில்லை. நீங்கள் ஜன்னலோரம் வந்ததும் இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டே ஏதோ பேசிச் சிரிக்கிறீர்கள். என்னைப் பற்றித்தான் என்று தெரிகிறது. நல்லதாக இருந்தால் சரி. நீங்கள் கொடுத்தனுப்பிய அவரைக் குழம்பு இல்லையென்றால் இரண்டும் தயிர்சாதத்திலேயே காலத்தை ஓட்டியிருக்கும்.

கடைசியாகப் பாத்திரங்கள். மூன்றடுக்கு டிபன் கேரியர் ஒன்று, மூடியில்லாத தூக்கு ஒன்று, பச்சை மூடி போட்ட டப்பாக்கள் சில, அடியில் பெயர் வெட்டி எழுத்து தேய்ந்துபோன ஒரு சம்புடம். யாருடையது எது என்று சத்தியமாகத் தெரியவில்லை. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது என்பதால், கட்டுப் பிரித்ததும் அதிரசம் சுட்டுப் போட்டு அனுப்புகிறேன். அதற்குள் அவசரமென்றால் பெரியவளிடம் அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். பச்சை மூடிகளில் சின்னவன் ரயில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான். சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை.

இப்படிக்கு,
இரண்டு வாலுகளின் அம்மா