செயலாளர் ஆண்டறிக்கை: பூங்காப் புல்தரையும் நம் கரிசல் மண்ணும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, குப்பை வண்டி மனுக்களின் நிலை அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி பூங்காப் புல்தரைக்கே போனது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

திருமங்கலம் பக்கம் நமக்கு வாய்த்தது கரிசல். ஐப்பசி மழையில் உப்பிக் காலைப் பிடிக்கும். சித்திரையில் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். நடைப்பயிற்சியும் பிள்ளைகளின் கிரிக்கெட்டும் சேர்ந்து அதை இறுக்கிவிட்டதால் தண்ணீர் இறங்க வழியில்லாமல் புல் வேர் அழுகியது.

எம்-சாண்ட் கொட்டிக் கொத்திவிடலாம் என்று சென்ற பொதுக்குழுவில் சிலர் சொன்னார்கள். களிமண்ணில் கொஞ்சம் மணல் சேர்த்தால் இளகாது, காய்ந்ததும் இன்னும் கெட்டிப்படும். வேர்பிடித்து நிற்கும் அருகம்புல்லைக் கொத்திப்போடவும் செயற்குழுவுக்கு மனமில்லை.

அப்புறம், மண்ணை இளக்க ஜிப்சம் என்ற தாது உப்பைப் போடலாமா என்று பார்த்தோம். காய்ந்த மண்கட்டி ஒன்றை மழைநீர் ஊற்றிய கண்ணாடி டம்ளரில் போட்டு, அசைக்காமல் வைத்தோம். கட்டி உதிர்ந்ததே தவிர, சுற்றிலும் கலங்கல் படரவில்லை. சோடியம் மிகுந்த மண்தான் அப்படிக் கலங்கும். ஜிப்சம் கைகொடுப்பதும் அதற்குத்தான். நம் மண்ணில் சோடியம் மிகுதி இல்லை என்றே மண் பரிசோதனை முடிவும் சொன்னதால், ஜிப்சத்துக்கான பணத்துக்கு மக்கிய தொழு உரம் வாங்கினோம்.

புரட்டாசியில் முதல் மழைக்குப் பிறகு, மண் புட்டுப் பதத்துக்கு வந்ததும் வேலை தொடங்கியது. லேத் பட்டறையில் செய்து வாங்கிய கூர்முனை இரும்புக் குழாயை மிதித்தால் நாலு அங்குலம் இறங்கி, விரல் தடிமனில் மண்ணை வெளியே கொண்டுவரும். கடப்பாரையால் குத்தினால் துளையின் சுவர் இன்னும் இறுகும், அதனால்தான் குழாய். சலித்த தொழு உரத்தை அரை அங்குலத்துக்கு மிகாமல் தூவி, புல் நுனி வெளியே தெரியும்படி தென்னை விளக்குமாறால் துளைகளுக்குள் தள்ளினோம். ஞாயிறுதோறும் இடுப்பொடிய வேலை பார்த்த அத்தனை பேருக்கும் மனமார்ந்த நன்றி.

வேலை முடிந்த மேற்குப் பகுதியில் கார்த்திகை மழை தேங்கவில்லை. துளைகளை ஒட்டி மண்புழு எச்சம் குருணை குருணையாகக் கிடந்ததைப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் இது ஒரே வருடத்தில் முடிகிற வேலை இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை தொடர்ந்து செய்தால்தான் கரிசல் கொஞ்சம் கொஞ்சமாக இளகும்.

மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது புல்தரையில் விளையாட வேண்டாம் என்று பிள்ளைகளுக்குப் பெற்றோர் எடுத்துச் சொல்ல வேண்டும். புல்லை ஒட்ட வெட்டாமல், வெட்டிய துணுக்குகளை அங்கேயே விட்டுவிடும்படி தோட்டக்காரரிடம் சொல்லியாகிவிட்டது.

கிழக்குப் பகுதி வேலையை வரும் புரட்டாசியில் எடுத்துக்கொள்ளவும், அதற்கான தொழு உரச் செலவைப் பூங்கா நிதியிலிருந்து வழங்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்