அரையாண்டுத் தேர்வு முடிந்து பெற்றோருக்கு ஒரு கடிதம்

தலைமையாசிரியர்,
அரசு உயர்நிலைப் பள்ளி,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.

அன்புள்ள பெற்றோர்களுக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டுப் போட்டியிலும் கலைத் திருவிழாவிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் போட்ட காய்கறித் தோட்டமும் நன்றாக வந்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கு நன்றி.

பத்தாம் வகுப்புக் கணக்கு விடைத்தாள்களைப் பற்றியும், பிள்ளைகள் கையில் இருக்கும் போனைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு மதிப்பெண் வினா 14-க்கும் விடை எழுதியிருக்கிறார்கள். ஐந்து மதிப்பெண் பகுதிக்கு வந்தால், பல தாள்களில் சூத்திரம் எழுதி, எண்களைப் பிரதியிட்டு, அப்படியே விட்டிருக்கிறார்கள். இரண்டு வரியும் சரி. மணி அடிக்க அரை மணி இருக்கும்போதே பேனாவை மூடியவர்கள் உண்டு. அடுத்த அடி புலப்படாத இடத்தில் இரண்டு நிமிடம் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

மனம் ஒரு நேரத்தில் நான்கைந்து விஷயங்களைத்தான் பிடித்து வைத்திருக்கும். கொடுத்த அளவுகள், கேட்ட கேள்வி, சூத்திரம், இதுவரை கண்டது என்றாலே இடம் நிறைந்துவிடும். நடுவில் போன் ஒரு முறை ஒலித்தால் ஏதோ ஒன்று நழுவும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். போனில் இருபது நொடி வீடியோவாக அரை மணி பார்த்தால் 90 வீடியோ. சலிப்பு தட்டுவதற்குள் விரல் தள்ளிவிடுகிறது. தினமும் இதில் பழகிய பிள்ளைக்கு, கணக்கு முட்டி நிற்கும் நேரம் பெரும் பாரமாகத் தெரிகிறது. நம் பிள்ளைகளுக்கு அறிவில் குறைவில்லை, சலிப்பைப் பொறுத்து உட்காரும் பழக்கம்தான் விட்டுப்போயிருக்கிறது.

மாலை ஏழு முதல் எட்டரை வரை போன் வேறு அறையில் இருக்கட்டும். ஒரே அறை வீடு என்றால் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். சைலன்டில் போட்டுப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தால் போதாது. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், ஒலியை அடக்கி மேசை மேல் வைத்திருந்தவர்களைவிட, போனை வேறு அறையில் விட்டு வந்தவர்களே யோசித்துச் செய்யும் பயிற்சிகளை நன்றாகச் செய்தார்கள். வாட்ஸ்அப்பில் வரும் வீட்டுப்பாடத்தை ஏழு மணிக்கு முன்பே நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

நாற்பது நிமிடம் படிப்பு, பத்து நிமிடம் ஓய்வு. அந்தப் பத்து நிமிடத்தில் ரீல்ஸ் பார்த்தால் எல்லாம் வீண். கோழியை அடைக்கட்டும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டட்டும். கை வேலையாக இருக்கும்போது விட்ட கணக்கை மனம் அசைபோடும். வீடியோ பார்த்தால் அந்த இடத்தில் ஒரு பாட்டு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முதல் வாரம் பிள்ளை எரிந்து விழும், "போர் அடிக்குது" என்று சுற்றிச் சுற்றி வரும். இரக்கப்பட்டு டிவியைப் போட்டுவிடாதீர்கள். காலையில் எழுப்ப அலாரம் கடிகாரம் ஒன்று வாங்குங்கள். தலையணைக்கடியில் போன் இருந்தால், இந்த வயதுக்கு வேண்டிய 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் கிடைக்காது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது. "அவசரத்துக்கு" என்று நீங்களே பையில் வைத்து அனுப்புவதும் நடக்கிறது. இனி அப்படி வரும் போன் அலுவலகத்தில் வாங்கி வைக்கப்படும். பெற்றோர் நேரில் வந்தால் மட்டுமே திரும்பக் கிடைக்கும். அவசரச் செய்தியைப் பள்ளி எண்ணுக்குச் சொல்லுங்கள், உடனே வகுப்புக்குப் போய்ச் சேரும்.

விடியுமுன் தக்காளி பறிக்கப் போகிறவர்களும், ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்த்து வாரம் ஒருமுறை வீடு வருகிறவர்களும் நம்மில் நிறையப் பேர். பிள்ளையின் குரலைக் கேட்க உங்களுக்குப் போன்தான் வழி. எட்டரைக்கு மேல் கூப்பிட்டு ஆற அமரப் பேசுங்கள். வீட்டிலிருக்கும் தாத்தா பாட்டிகளே, கணக்கு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். இவ்வளவு கஷ்டத்துக்கு நடுவிலும் பிள்ளைகளை நாள் தவறாமல் அனுப்பி வைக்கிறீர்கள். ஆசிரியர்கள் அனைவர் சார்பிலும் நன்றி. பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்