'கடை பொறுப்பல்ல' என்று அச்சடித்துவிட்டால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கை கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் அம்மாவின் கூறைப்புடவையை எங்கள் ஊர்ச் சலவைக் கடை ஒன்றில் டிரை வாஷுக்குக் கொடுத்தேன். நாலு நாளில் தருவதாகச் சொன்னவர்கள் இன்று நாளை என்று இழுத்து, கல்யாணமே முடிந்த பிறகு, "காணோம்மா, யாரோ மாற்றி எடுத்துப் போயிருப்பாங்க" என்று சொல்லி ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். துணி தொலைந்தால் சலவைக் கூலியைப் போல ஐந்து மடங்குக்கு மேல் கடை பொறுப்பல்ல என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. கூலி 250 ரூபாய். அப்படியென்றால் அம்மா கல்யாணத்துக்குக் கட்டிய புடவைக்கு 1,250 ரூபாய்!

நான் அதோடு விட்டிருப்பேன். வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கும் சித்தப்பாதான் பிடித்து நிறுத்தினார். ஒரு வேலைக்காகவோ பத்திரமாக வைத்திருக்கவோ பொருளை வாங்கி வைத்துக்கொள்பவருக்கு என்னென்ன கடமை என்று 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அதில் 151ஆவது பிரிவு சொல்வது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுதான்: அதே போன்ற பொருள் தன்னுடையதாக இருந்தால் சாதாரண விவரமுள்ள ஒரு ஆள் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டும் தீயிலோ வெள்ளத்திலோ போனால் அவர் மேல் குற்றமில்லை, சரி. ஆனால் கவனமாகத்தான் வைத்திருந்தேன் என்று நிரூபிக்க வேண்டியவர் பொருளை வாங்கி வைத்தவர்தான், கொடுத்தவர் இல்லை. எத்தனை பேருக்கு இது தெரியும்? காசு வாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர் பொருளை வைத்திருப்பவருக்கும் இதே சட்டம்தான், சும்மாதானே வைத்திருந்தேன் என்று கைகழுவ முடியாது.

அந்தப் பொடி எழுத்துக்கு வருகிறேன். இதே மாதிரி ஒரு சலவைக் கடை வழக்கு, தொலைந்ததும் புடவைதான், 1960களிலேயே சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. லில்லி ஒயிட் வழக்கு என்பார்கள். விலையில் ஒரு சிறு பங்குதான் தருவோம் என்ற ரசீது நிபந்தனை செல்லாது, அது செல்லும் என்றால் கொஞ்சக் காசைக் கொடுத்துவிட்டுப் புதுத் துணியைக் கடைக்காரரே வைத்துக்கொள்ள வழி திறந்துவிடும் என்று நீதிமன்றம் அன்றைக்கே கண்டது. 2019இல் உச்ச நீதிமன்றமும், டெல்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டல் ஊழியரிடம் நிறுத்தக் கொடுத்த கார் திருடுபோன வழக்கில், 'உரிமையாளர் பொறுப்பில்' என்று சீட்டில் அச்சடித்துவிட்டுத் தன் கவனக்குறைவுக்கு ஹோட்டல் தப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

நம் பக்கமும் ஒன்று இருக்கிறது, பொருளை உண்மையாகவே ஒப்படைத்திருக்க வேண்டும். நகை செய்யக் கொடுத்த ஒரு அம்மா, தினமும் சாயங்காலம் பாதி செய்த நகையை வாங்கி ஒரு பெட்டியில் பூட்டி, பெட்டியை ஆசாரி வீட்டிலேயே வைத்துவிட்டுச் சாவியை மட்டும் எடுத்துப் போவாராம். நகை களவுபோனபோது, சாவி உங்களிடம் இருந்ததே, ஆசாரி எப்படிப் பொறுப்பாவார் என்று சென்னை உயர் நீதிமன்றம் கேட்டது. அது 1930களின் கதை, இன்றும் சட்டக் கல்லூரியில் சொல்லித்தருகிறார்களாம்.

இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம் உண்டு, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், இந்த மாதிரிச் சின்னத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. பத்தே நாளில் கடைக்காரர் வீட்டுக்கு வந்து, அதே தரத்தில் ஒரு பட்டுப்புடவைக்கு இன்றைக்கு என்ன விலையோ அதை இரண்டு தவணையாகக் கொடுத்தார். அம்மாவுக்கு அந்தப் புடவை திரும்ப வராது, அது வேறு விஷயம்.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா அதே கடையிலிருந்து ஒரு ரசீதோடு வந்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன், அந்த வரி அப்படியே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒரு வாசகி,
தஞ்சாவூர்