கனசதுரங்களுக்கும் சைக்கிள் சக்கரத்துக்கும் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில், கட்டட வடிவமைப்பில் கணினியைப் பயன்படுத்த ஆராய்ந்த ‘ஆர்கிடெக்சர் மெஷின் குரூப்’ மையத்தின் வரலாற்றை நாகர்கோவிலில் மூன்று நாள் கண்காட்சியாக வைத்தோம். சுவரில் படம் ஒட்டினால் மட்டும் பிள்ளைகள் நிற்கமாட்டார்கள். ஆகவே அந்த மையத்தின் இரண்டு சாதனங்களை ஓடும் மாதிரிகளாகச் செய்தோம். அவை ஓடியது உங்களால்.

1967-இல் நிக்கோலஸ் நெக்ரோபான்டேயும் லியோன் குரோய்சரும் தொடங்கிய மையம் அது. அங்கு உருவான அர்பன்5 என்னும் கணினி நிரலில், திரையில் 10 அடிக் கனசதுரங்களை அடுக்கித்தான் கட்டடம் வடிவமைக்க வேண்டும். 1970-இல் நியூயார்க் யூத அருங்காட்சியகத்தில் வைத்த ‘சீக்’ என்னும் சாதனத்திலோ கனசதுரங்கள் நிஜமாகவே இருந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் உலோகம் பூசிய 2 அங்குலக் கட்டைகள் சுமார் 500, நடுவே ஜெர்பில் என்னும் சிற்றெலிகள், மேலே மின்காந்தம் மாட்டிய கை. எலி இடித்துக் கட்டை கொஞ்சம் விலகினால் கை நேராக்கிவிடும். நிறைய விலகினால் எலி அப்படித்தான் விரும்புகிறது என்று எடுத்துக்கொள்ளும்.

எலிக்குப் பதில் பிள்ளைகளின் விரல் என்று வைத்துக்கொண்டு 120 கட்டைகளை ரப்பர் மரத்தில் அறுத்தோம். ஒவ்வொன்றும் 80 கிராம். மேலே ஒட்டிய இரும்புத் தகடு 20 கிராம். இரண்டு நாள் மழைக்கே கட்டை அரை மில்லிமீட்டர் ஊதிவிட்டது. ஒன்றுக்கு அரை என்றால் பத்துக் கட்டை வரிசையில் 5 மில்லிமீட்டர். கடைசிக் கட்டையை யாரும் தொடாமலே இயந்திரம் ‘யாரோ நகர்த்திவிட்டார்கள்’ என்று முடிவுகட்டும். நிரலில் பிழை தேடிக்கொண்டிருந்த எங்களிடம், பிழை மரத்தில் என்று காட்டியவர்கள் மார்த்தாண்டம் மரப்பட்டறை அண்ணன்மார். எல்லாவற்றையும் 49 மில்லிமீட்டருக்கு இழைத்து, வெட்டுமுனை உட்பட ஆறு பக்கமும் இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்துத் தந்தார்கள். 50.8 மில்லிமீட்டர் (2 அங்குல) கட்டத்துக்குள் ஊதினாலும் இடிக்காத இடைவெளி அப்போதுதான் கிடைத்தது. கூலி வாங்க மறுத்தது தனிக் கதை.

மோட்டார் காயில் கட்டும் கடைக்கும் ஒரு பெரிய நன்றி. கட்டையைத் தூக்கும் எங்கள் மின்காந்தத்தின் நடுவே சாதாரண எஃகு போல்ட் இருந்தது. மின்சாரத்தை நிறுத்தினாலும் காந்தம் கொஞ்சம் தங்கிவிடும், கட்டை விழாது. தேனிரும்புத் துண்டு மாற்றி, முகத்தில் இரண்டு சுற்று செல்லோடேப் ஒட்டினார்கள், பிடி விட்டது. காயிலுக்குக் குறுக்கே டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) போடாததால்தான், காந்தத்தை இயக்கி நிறுத்தும் டிரான்சிஸ்டர் அடிக்கடி எரிகிறது என்று சொன்னதும் அவர்களே.

இரண்டாவது மாதிரி ‘ஆஸ்பன் மூவி மேப்’, அதாவது ஒரு நகரத் தெருக்களில் திரையிலேயே போய்வர வைக்கும் படத்தொகுப்பு. 1978 வாக்கில் அமெரிக்காவின் ஆஸ்பன் நகரத் தெருக்களை, கார் மேல் நான்கு கேமரா வைத்து, 10 அடிக்கு ஒரு படமாக எடுத்தார்கள். தூரத்தை அளந்தது பின்னால் இழுத்துவந்த ஒரு சைக்கிள் சக்கரம்! சுசீந்திரம் தேர்வீதிகளில் நாங்களும் அதையே செய்தோம். சக்கரச் சுற்றளவு 220 சென்டிமீட்டர், கம்பிகளில் மூன்று காந்தம், ஒவ்வொரு காந்தமும் கடக்கும்போது ஒரு மின்துடிப்பு, நான்கு துடிப்புக்கு ஒரு படம், அதாவது 293 சென்டிமீட்டர். ஆள் ஏறி உட்கார்ந்த பிறகே சுற்றளவை அளக்க வேண்டும், காற்று குறைந்தால் கணக்கு தப்பும் என்று சொல்லித்தந்த கோட்டாறு சைக்கிள் கடைக்காரருக்கு நன்றி. காந்தம் அருகே வந்தால் இணையும் ரீட் சுவிட்ச் ஒரே காந்தத்துக்கு இரண்டு முறை துடித்தது. 100 மில்லிவினாடிக்குள் வரும் இரண்டாவது துடிப்பைத் தள்ளியதும் சரியானது.

நிழல் மாறாதிருக்க ஆஸ்பனில் காலை 10 முதல் பிற்பகல் 2 வரை எடுத்தார்கள். நம்மூரில் அந்த நேரம் தெருவில் நிற்கவே இடமில்லை. மூன்று நாளும் காலை ஆறரைக்கு முன்பே வண்டிகளை ஒதுக்கித் தந்த தேர்வீதிக் கடைக்காரர்களே, நிழல் நீளமாக விழுந்தாலும் தெரு முழுசாகக் கிடைத்தது.

அந்த ஆர்கிடெக்சர் மெஷின் குரூப்பிலிருந்து 1985-இல் எம்ஐடியின் மீடியா லேப் ஆய்வுக்கூடம் வந்தது. அது வேறு கண்காட்சிக்கு ஆகும். அரங்கம் தந்த நூலகத்தாருக்கும், வரிசையைக் கவனித்த மாணவர்களுக்கும் எங்கள் நன்றி.

கட்டைகள் 120-ம் எந்தப் பள்ளி கேட்டாலும் இரவல் தருகிறோம். பெட்டிக்குள் இருக்கும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

நன்றியுடன்,
கண்காட்சிக் குழுவினர்,
நாகர்கோவில்