அசை வேறு, உறுப்பு வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறன்று தங்கள் மாணவர் பக்கத்தில், 28 எழுத்துகள் கொண்ட 'ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம்' என்னும் ஆங்கிலப் பெயர்ச்சொல்லை ஆன்-டி-டிஸ்-எஸ்-டாப்-லிஷ்-மென்-டேர்-இ-அன்-இசம் எனப் பதினொன்றாகப் பிரித்து, இவையே அச்சொல்லின் உறுப்புகள் என்று குறித்திருந்தீர்கள். பிரித்தது சரிதான், வரியிறுதியில் சொல்லை உடைக்க அமெரிக்க அகராதிகளும் இவ்வாறே புள்ளியிடுகின்றன. உறுப்புகள் என்றதுதான் பிழை, அவை ஒலிப்பில் பிரியும் அசைகளே; உறுப்பு என்பது பொருள் தரும் துண்டு.

உறுப்புகள் ஆறே. 'எஸ்டாப்ளிஷ்' பகுதி, அதன் முன்னே டிஸ், அதற்கும் முன்னே ஆன்டி, பின்னே மென்ட், ஏரியன், இசம். இங்கிலாந்துத் திருச்சபைக்குச் சட்டம் தந்துள்ள அரசுத் திருச்சபை என்னும் தகுதியை நீக்கக் கூடாது என்ற கொள்கையே இச்சொல்லின் பொருள். அயர்லாந்தில் 1869ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகுதியை நீக்கியது. இங்கிலாந்தில் அது இன்றும் நீடிக்கிறது.

'மென்ட்' என்ற உறுப்பின் கடைசி டகரம், அசை பிரிக்கையில் தன் உறுப்பை விட்டு அடுத்ததோடு ஒட்டி 'டேர்' ஆகிவிடுவதைக் கவனிக்க வேண்டும். தமிழ் படித்தவருக்கு இது புதிதன்று. 'இறைவன் அடிசேரா தார்' என்ற குறளடியில் 'சேராதார்' என்ற ஒரே சொல் இரு சீர்களில் பிரிந்து நிற்பதை வகையுளி என்கிறோம். அதற்காகத் 'தார்' அச்சொல்லின் விகுதி என்று எவரும் சொல்வதில்லை, விகுதி 'ஆர்' தான். (யாப்பின் அசையும் ஆங்கில அசையும் ஒன்றல்ல என்பதை அறிவேன், நிரையசையில் இரண்டு உயிரொலிகள் உண்டு.) மேலும் 'இசம்' அச்சில் ஒரு துண்டாக நின்றாலும் வாயில் 'இ-சம்' என இரண்டாகவே ஒலிப்பதால், பேச்சில் அசைகள் பன்னிரண்டு.

ஓர் அசையை மற்றவற்றைவிட ஓங்கி ஒலிக்கும் அழுத்தத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் பெருங்குறை. 'எஸ்டாப்ளிஷ்' என்பதில் அழுத்தம் 'டாப்' மீது விழுகிறது. 'மென்ட்' சேர்ந்தாலும் அங்கேயே நிற்கிறது. 'ஏரியன்' சேர்ந்ததும் தலைமை அழுத்தம் 'டேர்' என்ற அசைக்குத் தாவ, 'டாப்' இரண்டாம் நிலைக்கு இறங்குகிறது. 'வெஜிடபிள்' என்பதில் முதலசையில் இருக்கும் அழுத்தம் 'வெஜிடேரியன்' ஆனதும் இடம் மாறுவதும் இதே விகுதியால்தான்.

ஏழாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி, தங்கள் பக்கத்தை வைத்துக்கொண்டு பதினொரு முறையும் ஒரே விசையில் மேசையைத் தட்டித் தட்டி இச்சொல்லைப் படித்தாள். திருத்தம் வெளியிடுகையில் 'டேர்' என்ற அசையை மட்டுமாவது தடித்த எழுத்தில் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
கும்பகோணம்.